ஆட்டுக்குட்டி யாருக்கு?

உப்பளத்தை ஒட்டிய குடியிருப்பில் கடைசி வீடு செபஸ்தியம்மாளுடையது. கணவர் இறந்தபின் அவளுக்குத் துணை ஒரு வெள்ளாடும் அதன் குட்டியும்தான். பக்கத்தில் இருந்த மூன்று வீட்டாரும் ஒரு வேலித் தகராறில் தங்களுக்குள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். யார் பக்கமும் சாயாத செபஸ்தியம்மாளிடமும் எவரும் பேசவில்லை. மாலையில் ஆட்டைக் கூப்பிடும்போது தன் குரலே அவளுக்கு வேற்றாள் குரல் போலக் கேட்கும்.

அந்த மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியது. ஒருநாள் காலை செபஸ்தியம்மாளால் எழ முடியவில்லை. கண்கள் குழிவிழுந்து, நாக்கு வறண்டு கிடந்தாள். பாதையை வெள்ளம் மூடியிருந்ததால் நர்ஸ் வர வழியில்லை.

பசியில் ஆடு கத்துவதைக் கேட்டு முதல் வீட்டுப் பிச்சம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்னைப் பிழைக்க வைக்கிறவங்களுக்கு அந்தக் குட்டியக் குடுத்திருதேன்" என்று செபஸ்தியம்மாள் முனகினாள்.

பிச்சம்மாள் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, ஒரு பானை நிறையக் கொண்டுவந்தாள். கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். உள்ளே போன தண்ணீர் அப்படியே வெளியேறியது. பானையை அங்கேயே விட்டுவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

அவள் போனதைப் பார்த்து, உப்பளத்தில் வேலை செய்யும் இரண்டாம் வீட்டு அந்தோணிக்கண்ணு வந்தான். அவனிடமும் செபஸ்தியம்மாள் அதே வாக்கைச் சொன்னாள்.

"உடம்பு உப்பெல்லாம் போயிட்டு மைனி" என்று, அதே பானையில் கொஞ்சம் உப்பைக் கரைத்துப் புகட்டினான். அதுவும் தங்கவில்லை. அவனும் தலைகுனிந்து போய்விட்டான்.

கடைசியாக மூன்றாம் வீட்டு டீக்கடை ரோசம்மா வந்தாள். அவளுக்கும் அதே வாக்கு.

"இந்த உப்புத்தண்ணிய எப்படிக் குடிக்கீங்க பெரியம்மா?" என்று மிச்சமிருந்த நீரில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினாள். அவளும் கரண்டியால்தான் புகட்டினாள். மாலைக்குள் நாக்கில் ஈரம் வந்தது. செபஸ்தியம்மாள் எழுந்து சுவரில் சாய்ந்தாள். இனி யாரும் வரமாட்டார்களே என்று அவளுக்கு ஒரு கணம் வருத்தமாகக்கூட இருந்தது.

ஆனால் மறுவாரம் மூவரும் வந்தார்கள்.

"தண்ணி என்னோடது" என்றாள் பிச்சம்மாள்.

"உப்பு போட்டது நானு" என்றான் அந்தோணிக்கண்ணு.

"ரெண்டும் நிக்கல. சர்க்கரைதான் நிறுத்திச்சு" என்றாள் ரோசம்மா.

குட்டியோ ஒன்றுதான். ஒருவருக்குக் கொடுத்தால் மற்ற இருவரும் அந்த வாசலை இனி மிதிக்க மாட்டார்கள். யோசித்துச் சொல்லுங்கள்: இம்மூவரில் செபஸ்தியம்மாளைப் பிழைக்க வைத்தவர் யார்?

விடை: தனியாக எவரும் இல்லை. குடலின் உட்சுவர் செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. உப்பில் உள்ள சோடியமும் சர்க்கரையிலிருந்து வரும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால் மட்டுமே உள்ளே விடும் வாசல் ஒன்று அந்தச் சவ்வில் உண்டு. வாந்திபேதியிலும் அது பழுதாவதில்லை. அவ்விரண்டும் நுழைந்ததும் தண்ணீர் தானாகப் பின்தொடரும். வெள்ளம் வடிந்தபின் வந்த நர்ஸ் இதைத்தான் சொன்னாள். "அப்போ குட்டி மூணு பேருக்கும்தான், இங்கேயே நிக்கட்டும், வந்து பாத்துக்கிடுங்க" என்றாள் செபஸ்தியம்மாள். வந்தார்கள், ஆனால் ஒருவர் இருக்கும்போது மற்றவர் வருவதில்லை. தனித்தனியாக வந்து, குட்டியைத் தடவி, அவளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். அந்த இரண்டு வார்த்தைக்காக அவள் முகம் கழுவி, தலை வாரிக் காத்திருப்பாள்.