கை கேட்டவள்

உவர்த்தீவு என்று ஒரு நாடு. வரைபடத்தில் அதைக் காட்டினால், ஈ எச்சமிட்டிருக்கிறது என்று விரலால் துடைக்கப் பார்ப்பார்கள். கரையெல்லாம் உப்பளம். யாரைக் கேட்டாலும் மற்றவருக்கு ஏதாவது ஓர் உறவுமுறை வரும். மாமன் இல்லையென்றால் மச்சான்.

அங்கே பெண்கள் உப்பைப் பனையோலைப் பெட்டியில் நிரப்பித் தலையில் சுமப்பார்கள். நிறைந்த பெட்டியை ஒருத்தியாக ஏற்றவும் முடியாது, ஒருத்தியாக இறக்கவும் முடியாது. கீழே போட்டால் உப்பு பாத்தித் தண்ணீரில் கரைந்துபோகும், கழுத்தும் பிசகும். அதனால் இனித் தாங்காது என்று தோன்றும்போது நின்ற இடத்தில் நின்று ஒரே ஒரு சொல் சொல்வார்கள்.

"கை."

அந்தச் சொல் காதில் விழுந்தபின் உவர்த்தீவில் எவரும் இருந்த இடத்தில் இருப்பதில்லை. சோறு தின்கிறவன் எச்சில் கையோடு ஓடுவான். வரப்புத் தகராறில் பேச்சை முறித்துக்கொண்ட பங்காளி ஓடிவந்து இறக்கிவிட்டு, மறுபடி பேசாமலே திரும்பிப் போவான். தாலி கட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை ஒருவர் மூன்றாம் முடிச்சை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடினாராம். பேரன் எடுத்த பிறகும் அவருக்கு ஊரில் 'ரெண்டு முடிச்சு' என்றுதான் பெயர். பிள்ளைகள் என்ன சேட்டை செய்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். விளையாட்டுக்கு 'கை' என்று கத்தினால் மட்டும் முதுகுத் தோல் உரியும்.

அந்த நாட்டுக்குப் பளுதூக்கும் ஆசான் பேராச்சி. வெளிநாட்டில் கற்று, பதக்கம் கிடைப்பதற்குள் முழங்காலைக் கெடுத்துக்கொண்டு திரும்பியவள். அவளுடைய சீடப்பெண் செல்லக்கனி. சீடப்பெண் என்றதும் சின்னப்பெண் என்று நினைத்துவிட வேண்டாம். ஆசானைவிடப் பத்து வயது மூத்தவள், பிள்ளை பெற்றவள், முறைக்குச் சித்தி. பயிற்சிக் கொட்டகைக்குள் இவள் "ஆசான்" என்பாள், அவள் "சித்தி" என்பாள். வாசலைத் தாண்டிவிட்டால் சித்தி ஆசானின் காதைப் பிடித்துத் திருகவும் செய்வாள்.

முதல்நாள் செல்லக்கனி இரும்புத் தண்டை மூச்சுப் பிடித்துத் தலைக்கு மேல் கொண்டுபோனாள். உப்பு சுமந்த கழுத்துக்கு அது பெரிய காரியமாக இல்லை. தூக்கியதும் கண்ணை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டினாள்.

"என்ன சித்தி தேடுதிய?"

"இறக்க ஆளு எங்க?"

"ஆளு கிடையாது. போடுங்க."

"எதை?"

"அதைத்தான்."

"சுமையவா?"

எவ்வளவு சொல்லியும் போட மாட்டேன் என்றுவிட்டாள். கடைசியில் ஆசானே போய் ஒருபக்கம் பிடித்து இறக்கினாள்.

தூக்கக் கற்பதற்குச் சில மாதம் போதுமாயிருந்தது. போடக் கற்பதற்கு ஒரு வருடம் ஆயிற்று. பேராச்சி சலிக்காமல் சொல்வாள்.

"மேடையில நீங்க ஒத்தையிலதான் சித்தி. ரெண்டு காலும் ஒரே வரிசைக்கு வரணும். நடுவர் மணி அடிக்கிற வரைக்கும் அசையாம நிக்கணும். அடிச்சதும் போடணும். யாரும் வரமாட்டாங்க. வந்து தொட்டா, தூக்குனது கணக்குல சேராது."

"தொட்டாலேவா?"

"விரல் பட்டாலே."

"அப்ப சுத்தி இம்புட்டுப் பேரு எதுக்கு?"

"பாக்கதுக்கு."

செல்லக்கனி திகைத்துப்போனாள். "சுமையோட நிக்கவளைப் பாக்கதுக்கா?"

பேராச்சி அடுத்த தட்டை எடுத்துத் தண்டில் மாட்டினாள்.

பல நாடுகள் கூடும் பெரிய விளையாட்டு விழா வந்தது. குளிரடிக்கும் ஓர் ஊரில் நடந்தது. உவர்த்தீவிலிருந்து போனது ஒரு கைப்பிடி ஆட்கள். ஓட்டக்காரன் முதல் நாளே வெளியேறினான், நீச்சல்காரி மறுநாள். மிச்சம் செல்லக்கனி. குழுவுக்குத் தலைவர் திரவியம். அவர் கொண்டுவந்த முக்கியமான சாமான் தேசியக் கொடி. பதக்க மேடையில் அந்தக் கொடி ஒருமுறைகூட ஏறியதில்லை. இருந்தாலும் தினமும் காலையில் அதற்கு இஸ்திரி போட்டு வைப்பார்.

செல்லக்கனிக்கு இதுதான் முதலும் கடைசியும். அடுத்த விழாவுக்குள் வயது நாற்பதைத் தாண்டிவிடும். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, உப்பளக் கூலியை இழந்து, ஊராரின் கேலியை எல்லாம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். வெறுங்கையோடு திரும்பினால் எந்த முகத்தோடு வரப்பில் நடப்பது என்பதுதான் அவளுக்குப் பெரிய பயம்.

போட்டி நாளில் அவள் யாரும் எதிர்பாராதபடி தூக்கினாள். கடைசித் தூக்கு ஒன்றுதான் பாக்கி. அது நின்றுவிட்டால் வெண்கலம். திரவியத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொடியை மடித்து எடுத்துக்கொண்டு, அதை யாரிடம் கொடுப்பது என்று கேட்க உள்ளே ஓடிவிட்டார். பேராச்சி மேடையின் ஓரத்தில், கோட்டுக்கு வெளியே நின்றாள்.

செல்லக்கனி தண்டைத் தோளுக்கு ஏற்றினாள். மூச்சை இழுத்தாள். ஒரே உதையில் தலைக்கு மேல் போயிற்று. முழங்கை இரண்டும் பூட்டிக்கொண்டன.

இடது கால் மட்டும் கொஞ்சம் முன்னால் கிடந்தது. அதை மெல்ல இழுத்துக்கொண்டாள். நடுவர் கையை உயர்த்தியபடி பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடிக்கவில்லை. பாரம் ஆடியது. காதுக்குள் கடல் இரைந்தது. கண்ணெதிரே விளக்கு வெளிச்சம் நண்பகல் உப்பைப்போல வெளுத்துக் கிடந்தது.

அப்போது பாரம் சட்டென்று லேசானது.

அந்த ஒரு கணம் அவளுக்கு எவ்வளவோ சுகமாக இருந்தது. ஊர் வரப்பில் நிற்பதாகவே நினைத்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். தண்டைப் பிடித்தபடி தன் கைகளுக்கு நடுவே இன்னும் இரண்டு கைகள் இருந்தன. அவை பேராச்சியின் கைகள்.

மணி இன்னும் அடித்திருக்கவில்லை.

நடுவரின் உயர்த்திய கை உயர்த்தியபடியே நின்றது. பேராச்சியின் முகத்தைப் பார்த்தால், அந்த அரங்கத்திலேயே அதிகமாக அதிர்ந்துபோனவள் அவள்தான் என்று தெரிந்தது. தன் கைகளை வேறு யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

ஆனாலும் சுமை தலைக்கு மேல் இருக்கிறதே. இரண்டு பேருமாக அதைத் தோளுக்கு இறக்கி, இடுப்புக்கு இறக்கி, தரையில் வைத்தார்கள். அந்த மேடையில் அதுவரை எந்தப் பாரமும் சத்தமில்லாமல் இறங்கியதில்லை.

மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்தன. பதக்கம் போயிற்று.

உடை மாற்றும் அறையில் செல்லக்கனி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. அழுவதற்கு முதலில் நடந்தது புரிய வேண்டும். பேராச்சி எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றாள். திரவியம் கொடியோடு ஓடிவந்தார். அவர் சிவப்பு விளக்கை மட்டும்தான் பார்த்திருந்தார், மற்றதை வழியில் சொல்லிவிட்டார்கள்.

"ஏம்மா, நீ உவர்த்தீவுக்காரிதானா? இல்ல, வேற எவனுக்காவது ஆளா வந்திருக்கியா?"



அவருடைய போன் அடித்தது. ஊரிலிருந்து. எடுத்து, கொஞ்சம் கேட்டுவிட்டு, முகம் சுண்டி வைத்துவிட்டார்.

"உப்பளக் கொட்டகையில டிவியக் கீழ தள்ளி ஒடச்சிட்டாங்களாம். ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல, மொத்தப் பேரும் அதுமேல போய் விழுந்திருக்காங்க. ஆத்திரம் வராம இருக்குமா?"

செல்லக்கனி தலை நிமிர்ந்தாள். ஆசான் என்ற சொல் அவள் வாயில் வரவில்லை.

"ஏட்டி. எதுக்குட்டி வந்த?"

"கூப்பிட்டிய சித்தி."

"யாரு?"

"நீங்க."

"பொய் சொல்லாத. என் வாயே தெறக்கல."

"கூப்பிட்டிய."

"நான் எதுக்குக் கூப்பிடப் போறேன்? அங்க ஆளு வராதுன்னு நீதான படிச்சுப் படிச்சுச் சொன்ன. அத மறந்தா போயிட்டேன்? என் பிள்ளைய முகத்த நின்னு நிதானமாப் பாத்து வருசம் ஆச்சுட்டி. இப்படிக் கூடவே இருந்து குழி பறிச்சிட்டியே."

"போன்ல படம் வந்திருக்கு, பாத்துருவோம்," என்றார் திரவியம். அவருக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. கொடியை மடியில் போட்டுக்கொண்டு செல்லக்கனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளெழுத்துக் கண்ணானதால் போனைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்தார். படம் ஓடியது. சத்தம் வைக்கவில்லை.

செல்லக்கனி தன்னையே பார்த்தாள். தூக்குகிறாள். நிற்கிறாள். கால் நகர்கிறது. உதடு லேசாகப் பிரிகிறது. பேராச்சி கோட்டைத் தாண்டி ஓடிவருகிறாள், கெட்ட முழங்காலை இழுத்துக்கொண்டு.

"பாத்தியளா மாமா? நான் மூச்சுதான் விட்டேன். மூச்சு விடக்கூடாதா?"

"மூச்சு விட்டதுக்கா இந்தப் பாய்ச்சல்?" என்று திரவியம் பல்லைக் கடித்தார்.

சுவரில் சாய்ந்திருந்த பேராச்சி அப்போதுதான் தானாக ஒரு வார்த்தை பேசினாள்.

"சத்தத்தக் கூட்டுங்க."

அவர் எரிச்சலோடு சத்தத்தை முழுக்கக் கூட்டிவிட்டு மறுபடியும் ஓடவிட்டார். அரங்கத்தின் இரைச்சல் கேட்டது. பிறகு அது அடங்கியது. பிறகு, அடித்தொண்டையில், கம்மிப்போய், ஒரு பெண்ணின் குரல்.

"கை."

போன் தரையில் விழுந்தது. கொடி மடியிலிருந்து சரிந்து அதன்மேல் விழுந்தது.

திரவியமும் செல்லக்கனியும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். எப்போது எழுந்தார்கள் என்று இருவருக்கும் தெரியாது. நான்கு கைகளும் தலைக்கு மேல், உள்ளங்கை விரித்து, நீண்டிருந்தன. அவற்றுக்கு எதிரே ஒன்றுமில்லை.

திரவியம் தன் கைகளைப் பார்த்தார். அறிந்தவர் முன்னால் வேட்டி அவிழ்ந்ததைப்போல அவசரமாகக் கீழே போட்டுக்கொண்டார். குனிந்து கொடியைப் பொறுக்கினார்.

செல்லக்கனியின் கைகள் மட்டும் இறங்கவில்லை. தன்னுடைய குரலா அது? தன்னுடையதுதான். கை என்று கூப்பிட்டுப் பதக்கத்தைப் போக்கடித்தவள் தானேதான்.

"ஆசான்." குரல் தாழ்ந்திருந்தது. "விதி ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"விரல் பட்டாலே போச்சுன்னு நீங்கதான சொன்னிய."

"நான்தான் சொன்னேன்."

"நாள் தவறாம சொன்னிய."

"ஆமா சித்தி."

"பெறவு?"

பேராச்சி நொண்டியபடி கிட்டே வந்தாள். அந்தரத்தில் நின்ற செல்லக்கனியின் கைகளுக்கு அடியில் தன் கைகளைக் கொடுத்து, தோளுக்கு, பிறகு இடுப்புக்கு என்று மெல்ல இறக்கிவிட்டாள்.

"ஊருக்காரங்கள டிவி மறிச்சிட்டுது. ஒங்க ரெண்டு பேரையும் போன் மறிச்சிட்டுது. நான் பக்கத்துல நின்னுட்டேன், சித்தி."