ஆம்பல் குளத்து எரிவாயு

ஆம்பல் குளத்துக் காட்டில் விருந்தாகட்டும், வியாதியாகட்டும், கஞ்சி காய்ச்சுவது கரடி செங்கமலம்தான். விறகை ஊதி ஊதி அவளுடைய கண்கள் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

ஒருநாள் அடுப்புக்குக் கொள்ளி எடுத்துக்கொண்டு குளக்கரை வழியே போனாள். அங்கே ஓர் எருமை சேற்றில் புரண்டு படுக்க, தண்ணீரில் குமிழி குமிழியாக வாயு கிளம்பியது. அதன்மேல் ஒரு பொறி விழுந்ததும் குப்பென்று நீலமாக எரிந்தது. துளிகூடப் புகையில்லை! இனி என் கண் பிழைத்தது என்று செங்கமலம் பூரித்துப்போனாள்.

செய்தி மந்திரி நரி வேதாசலத்தின் காதுக்குப் போனது. உடனே சபையைக் கூட்டினார். ஐம்பது வருடத்துக்கு எரிவாயு இருக்கிறது, அடுத்த காட்டுப் புலியே நம்மிடம் கையேந்தி நிற்கும் என்று வெளுத்துக் கட்டினார். ‘வாயு மந்திரி’ என்று தமக்குத் தாமே பட்டமும் சூட்டிக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில், மழைக்காலத்துக்கென்று அடுக்கிவைத்திருந்த விறகு அத்தனையையும் சொக்கப்பனையாகக் கொளுத்தச் சபையினர் கிளம்பினார்கள்.

செங்கமலம் குறுக்கே போய் நின்றாள். “ஐயா, வாயு அடுப்புக்கு வரட்டும். அப்புறம் கொளுத்தலாமே?”

“வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை போடாதே அம்மா” என்றார் மந்திரி. விறகு சாம்பலானது.

மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடவில்லை. காய்ந்த சுள்ளி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மூன்று முயல்குட்டிகள் குளிர்காய்ச்சலில் பல் கிட்டிக் கிடந்தன. சூடாகக் கஞ்சி உள்ளே போகாவிட்டால் அவை பிழைக்க வழியில்லை. செங்கமலம் மந்திரியிடம் ஓடினாள். அவர் தேக்கிலையைத் தலையில் பிடித்துக்கொண்டு, புலியோடு போடவேண்டிய ஒப்பந்தத்தை யோசித்துக்கொண்டிருந்தார்.

“வாயு எங்கே, ஐயா?”

“குளத்தில்தான் இருக்கிறது. எங்கே ஓடிப்போகும்?”

“குளத்தில் இருந்தால் என் உலை எப்படிக் கொதிக்கும்?”

அதை ஆராயத்தான் ஒரு குழு போட்டிருக்கிறேன் என்றார் மந்திரி.

செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டு திரும்பினாள். மூங்கிலை வெட்டிக் கணுக்களைக் குடைந்தாள். ஒரு பானையின் அடியில் ஓட்டை போட்டுக் குளத்தில் கவிழ்த்தாள். ஓட்டையில் மூங்கிலைச் செருகிக் களிமண் அப்பி, அடுப்புவரை கொண்டுவந்தாள். எருமை பானையைப் பிடித்துக்கொண்டு சேற்றை மிதிமிதியென்று மிதித்தது. சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டியதும் நீலச் சுடர் எழுந்தது. உலை கொதித்தது. நாலு வாய் கஞ்சி இறங்கியதும் முயல்குட்டிகள் கண் திறந்தன. செங்கமலம் அழுதேவிட்டாள், இந்தமுறை புகையால் அல்ல.

கஞ்சி வரிசையில் முதல் ஆளாக நடுங்கிக்கொண்டு நின்றவர் வாயு மந்திரி. அவருக்கும் ஒரு கரண்டி ஊற்றிய செங்கமலம், “குடித்துவிட்டு அடுத்த மூங்கிலை வெட்டுங்கள், ஐயா” என்றாள்.

நீதி: மண்ணுக்கடியில் எவ்வளவு செல்வம் கிடந்தாலும் அது அடுப்புக்கு வந்து சேர்ந்தால்தான் பசி தீரும், அதுவரை கையிலிருக்கும் விறகைக் கொளுத்திக் கொண்டாடக் கூடாது.