பக்கம் புரட்ட வந்தவன்

ரூபவதி தேவசகாயம் மேடையில் இசைப் புத்தகத்தைத் திறந்து வைத்து வாசித்ததை யாரும் பார்த்ததில்லை.

பாளையங்கோட்டையில் தேவாலய ஆர்கனில் கை பழகியவர். உதவித்தொகை கிடைத்து வியன்னா போனார். ஐரோப்பாவின் பெரிய அரங்குகளில் பியானோ வாசித்தார். நடுவில் இசை வரலாற்றில் முனைவர் பட்டமும் வாங்கினார். எவ்வளவு நீண்ட படைப்பானாலும் நினைவிலிருந்தே வாசிப்பார். அதைப் பார்க்கவே கூட்டம் வரும். ஐம்பது வயதுக்கு மேல் சென்னைக்கு வந்து கீழ்ப்பாக்கத்தில் குடியேறி, பாடம் சொல்லித்தரத் தொடங்கினார்.

அவரிடம் படித்தவர்களில் ஜெபநேசனின் வாசிப்பு தனியாகத் தெரிந்தது. ஆனால் பெங்களூரில் ஒரு கச்சேரியின் பாதியில் அவனுக்கு எல்லாம் மறந்துபோனது. விரல்கள் நின்றன. எழுந்து உள்ளே போனவன் திரும்பி வரவில்லை. அதன்பிறகு அவன் மேடை ஏறவே இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினான். கல்லூரியில் வகுப்பு எடுத்தான். நாற்பதைத் தாண்டிவிட்டான்.

ரூபவதி எழுதிவந்த நூலுக்கு உதவ வாரந்தோறும் வருவான். வேலை முடிந்ததும் அவருடைய பியானோவில் கொஞ்ச நேரம் வாசிப்பான். அவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்பார். 

ஒரு நாள் வாசித்து முடித்துவிட்டு அவனே கேட்டான்.

"மிஸ், மேடைப் பயம் எப்படிப் போகும்?"

ரூபவதி தேநீரை ஆற்றி அவன் முன்னால் வைத்தார்.

"சனிக்கிழமை எனக்குக் கச்சேரி இருக்கு. நீ பக்கத்துல உட்கார்ந்து பக்கம் புரட்டணும்."

"நீங்க புக் வெச்சு வாசிக்க மாட்டீங்களே."

"இந்தத் தடவை வெச்சுக்கிறேன்."

அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. மிஸ்ஸுக்கு வயதாகிறது என்று நினைத்துக்கொண்டான்.

"ஏன் மிஸ்?"

"இருநூறு வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவுல மனப்பாடமா வாசிச்சா திமிர்னு சொல்வாங்க, புக்கை வெச்சுத்தான் வாசிப்பாங்கன்னு நானே ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்கேன். ஒரு நாளாவது செஞ்சு பார்க்க வேணாமா?"

அவன் சிரிக்கவில்லை. கேட்டவர் மிஸ் என்பதால் மறுக்கவும் இல்லை.

சனிக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. பியானோவின் மேல் புத்தகத்தைப் பார்த்ததும் முன்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. ஜெபநேசன் அவருக்கு இடப்பக்கம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.  சபையைப் பார்க்காமல் புத்தகத்தையே பார்த்தான்.

ரூபவதி வாசிக்கத் தொடங்கினார். பக்கம் முடியும்போதெல்லாம் லேசாகத் தலையசைத்தார். அவன் எழுந்து, கையை நீட்டிப் புரட்டிவிட்டு உட்கார்ந்தான். ஆரம்பத்தில் அவசர அவசரமாக உட்கார்ந்தான். போகப் போக அவசரம் குறைந்தது.

மெதுவான பகுதி வந்தது. அவ்வளவு பக்கத்திலிருந்து அவர் வாசித்து அவன் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பக்கம் முடிந்து வெகுநேரம் ஆனது திடீரென்று உறைத்தது. பதறி எழுந்து புரட்டினான். இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே புரண்டன.

இசை எங்கும் தடுமாறவில்லை. அவன் திரும்பிப் பார்த்தான். ரூபவதியின் கண்கள் மூடியிருந்தன.

கைதட்டல் எழுந்தபோது, எழ முடியாதவர்போல் அவர் ஜெபநேசனின் கையைப் பற்றிக்கொண்டார். அவனையும் இழுத்துக்கொண்டு மேடையின் முன்பக்கம் வந்து வணங்கினார். அவனும் வணங்கவேண்டியதாயிற்று.

மறுநாள் காலையில் அவன் செய்தித்தாளோடு வந்தான். முகம் சிவந்திருந்தது.

"பார்த்தீங்களா மிஸ், என்ன எழுதியிருக்கான்னு? வாசிப்பு நல்லா இருந்துச்சாம். ஆனா உலகமே வியந்த ஞாபகசக்தி போயிடுச்சாம். முதுமை யாரையும் விடாதாம்."

"எழுபத்தொண்ணு ஆயிடுச்சே. அதுல என்ன தப்பு?"

"நான் மறுப்பு எழுதப்போறேன். நீங்க புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. பக்கத்துல இருந்த எனக்குத் தெரியும். நான் புரட்ட மறந்துட்டேன். அப்புறம் ரெண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினேன். அதைக்கூட நீங்க கவனிக்கலை."

"கவனிச்சேன்."

"அப்போ ஏன் ஜாடை காட்டலை?"

"நீ சுகமா கேட்டுட்டிருந்தே. கெடுக்க மனசு வரலை."

ஜெபநேசன் செய்தித்தாளை மடித்தான். மறுபடி பிரித்தான்.

"ஐம்பது வருஷமாச் சேர்த்த பேரு மிஸ். தேவையே இல்லாத ஒரு புக்கை வெச்சு அதைக் கெடுத்துக்கிட்டீங்க. எதுக்கு?"

ரூபவதி அவன் கையிலிருந்து செய்தித்தாளை வாங்கி ஓரமாக வைத்தார்.

"புக் இல்லாம, வேற என்ன சாக்கு சொல்லி உன்னை மேடையில உட்கார வைக்கிறது?"