பாலத்துல நடக்கிற ஆளு

என்னப்பா, எல்லாரும் வந்தாச்சா? பதில் தெரிஞ்ச மாதிரி தலையாட்டுறதுல உங்கள அடிச்சுக்க ஆளில்ல. இதுக்கு ஆட்டுங்க பாப்போம்.

ஒரு ஆறு. ரெண்டு கரைக்கும் பழைய பகை. நடுவுல புதுப் பாலம். வடக்கு முனைல ஒரு பூட்டு, தெற்கு முனைல ஒரு பூட்டு. ராஜா சபைல மாட்டுறதுக்கு ஊர்ப்படம் ஒண்ணு தயாராகணும், ரெண்டு தலைவரும் அத ஒத்துக்கிட்டாத்தான் பூட்டு திறக்கும்னு ஏற்பாடு.

படம் செதுக்குறவன் தில்லைநாயகம், வடகரை ஆளு. செப்புத் தகட்டுல கோடு கீறி, மை தடவி, தாள்ல ஒத்தி எடுப்பான். உளி எப்பவும் காதுல சொருகியிருக்கும். பொண்டாட்டி செங்கமலம் தென்கரைல, அம்மா வீட்டுல. பொண்ணு பொறந்த சேதிய அக்கரைலேர்ந்து கத்தித்தான் சொன்னாங்க. வெள்ளத்துல ஓடம் ஓடல. கயித்துல தொங்குற கூடை போய் வரும், ஆளத் தாங்காது. புள்ள முகத்த இவன் இன்னும் பாக்கல.

படத்துல இடப்பக்கம் வடகரை, வலப்பக்கம் தென்கரைன்னு ரெண்டு தலைவருக்கும் பேச்சு, ஊர்ப்பேரு எழுதல. ரெண்டுலயும் ஒரே மாதிரி ஓட்டு வீடு, ஒரே மாதிரி தென்னை. ஒண்ணு கூடினாலும் வம்பு. பாலத்த வெறுசா விட்டிருந்தான்.

"ஆளில்லாத பாலம் என்னத்துக்கு? தெற்கத்தியான் நம்மள தேடி வர்ற மாதிரி போடு"ன்னாரு வடகரைத் தலைவர் மாசிலாமணி.

"வடக்கத்தியான் இங்க வரணும்டா"ன்னு அக்கரைலேர்ந்து கத்தினாரு தென்கரைத் தலைவர் உலகநாதன்.

சுரண்டி, தேச்சு, மறுபடி கீறி, தகடு அப்பளமாச்சு.

"படத்துலதானய்யா நடக்கிறான். நெசத்துல ஒருத்தரும் நடக்கலியே"ன்னு பல்லக் கடிச்சான் தில்லை.

"நெசத்த எவன் ஞாபகம் வச்சுக்கப் போறான்? படந்தான்பா நிக்கும்"னாரு மாசிலாமணி.

கடைசில ஒரே ஒரு ஆளச் செதுக்கினான். காதுக்கு மேல சின்னதா ஒரு கோடு. தகட்டுல அவன் இடப்பக்கத்துலேர்ந்து வலப்பக்கம் நடக்கிறான். தாள்ல ஒத்தி எடுத்து மாசிலாமணி கைல குடுத்தான். தகட்ட கூடைல வச்சு உலகநாதனுக்கு இழுத்து விட்டான்.

ரெண்டு பேருக்கும் பரம சந்தோஷம். ரெண்டு பூட்டும் திறந்துச்சு. நடுப்பாலத்துல, ஒருத்தர் கைல தாளு, ஒருத்தர் கைல தகடு.

"வாங்க வாங்க. தேடி வந்தது நீங்கதான?"ன்னாரு மாசிலாமணி.

"யோவ், கண்ணத் தொறந்து பாரு. வந்தது உன் ஆளு."

துண்டப் புடிச்சு இழுத்துக்கிட்டு நின்னாங்க. தில்லை அந்தச் சந்துல பூந்து போயிட்டான்.

இப்ப சொல்லுங்க: படத்துல நடக்கிறவன் யாரு? எந்தக் கரைக்கு நடக்கிறான்?

காதுக்கு மேல இருக்கிற கோடு உளி. ஆளு தில்லையேதான். தகட்டுல கீறினது தாள்ல இடம் வலம் மாறித்தான் விழும்; கரை ரெண்டும் ஒரே மாதிரிங்கிறதால ஆளு மட்டுந்தான் திரும்பி நடக்கிற மாதிரி தெரியும். தகட்டுல அவன் பொண்டாட்டி புள்ளயப் பாக்கப் போறான், தாள்ல பாத்துட்டு வீட்டுக்கு வர்றான். ரெண்டு கரையும் அவனுக்கு வேணும். என்கிட்ட இதக் கேட்டப்ப நானும் தலையத்தான் ஆட்டினேன்.