பெயரெடுத்த ஓலை

ஒரு காலத்தில் மலையடிவாரத்து நாடொன்றைக் கோதைமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஓர் எண்ணம் தோன்றினால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும். ஒருநாள் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாடெங்கும் பாடசாலை வைத்திருக்கிறோமே, படித்தவர்களுக்கெல்லாம் வேலை கிடைத்ததா?

பாடசாலை ஓலைகள் ஓர் அறையில் கிடந்தன, அரண்மனை வேலைக்காரர்களின் ஓலைகள் இன்னோர் அறையில். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். அந்தப் பொறுப்பை நாகராயர் என்ற பிரபு கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் நோக்கமே வேறு. அரண்மனை யானைகளுக்கு வைத்தியம் பார்த்த உமையாளை விரட்டிவிட்டு, அந்த இடத்தில் தன் மைத்துனனை உட்கார வைக்க அவர் நெடுநாளாகத் துடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்து வாத்தியார்களுக்கு ஒரு வழக்கம். மாணவர் பெயருக்குப் பக்கத்தில் வீட்டுச் சங்கதியையும் எழுதி வைப்பார்கள். உமையாளின் ஓலையில், 'தாய் திருட்டுக் குற்றத்துக்காகச் சிறையில்' என்று ஒரு வரி இருந்தது. முப்பது வருஷமாக அவள் யாரிடமும் வாய் திறக்காத விஷயம் அது.

ஓலைகளை நாகராயர் சபையில் படிக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் அவள் மந்திரி அம்பலத்தாடியிடம் ஓடினாள்.

"நாப்பது பாகனுங்க என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிக்கறாங்க ஐயா. சபையில அதைப் படிச்சுட்டா அப்புறம் எவன் கட்டுப்படுவான்?"

மந்திரி ராஜாவிடம் பேசினார். ஓலைகளில் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று ராஜாவும் உத்தரவிட்டான். நாகராயர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். அதுதான் மந்திரிக்கு உறுத்தியது.

மறுநாள் சபை கூடியது. நாகராயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அரசே, உத்தரவுப்படி பெயர்களை எடுத்துவிட்டேன். முதல் ஓலை. பெண். தென்கரைப் பாடசாலை. இப்போதைய வேலை, யானை வைத்தியம். வாத்தியார் குறிப்பு..."

அங்கே வேண்டுமென்றே நிறுத்தினார். யானை வைத்தியம் பார்ப்பவள் ஒருத்திதான் என்பது வாசல் காவலனுக்குக்கூடத் தெரியும். உமையாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மந்திரி எழுந்தார். தன்னிடமும் ஓர் ஓலை இருப்பதாகவும், அதிலும் பெயரில்லை என்றும், அதை முதலில் படிக்க அனுமதி வேண்டும் என்றும் கேட்டார். ராஜா சரியென்றான்.

"ஆண். அரண்மனைப் பாடசாலை. பெருக்கல் வாய்ப்பாட்டில் நான்கு முறை தோல்வி. பிரம்பைப் பார்த்ததும் வேட்டியை நனைத்துக்கொண்டான். இப்போதைய வேலை, நாடாளுதல். அந்த வேலையில் இருப்போர், ஒருவர்."

சபை முழுக்கச் சிம்மாசனத்தைப் பார்த்தது. உடனே பயந்துபோய்க் கூரையைப் பார்த்தது. ராஜாவின் முகம் சிவந்தது.

"யாரைப் பற்றிப் படிக்கிறீர், அம்பலத்தாடி?"

"எனக்கெப்படித் தெரியும், அரசே? பெயரைத்தான் எடுத்தாயிற்றே."

ராஜா உமையாளைப் பார்த்தான். அவமானம் என்பது எங்கே சுடும் என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. வழி என்ன என்று கேட்டான். எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதுதானே கேள்வி, அதற்கு வீட்டுச் சங்கதி எதற்கு, குறிப்புகளை முதலிலேயே வெட்டிவிடலாம் என்றார் மந்திரி. பத்துப் பேருக்குக் குறைவாக இருக்கும் வேலையைத் தனியாகச் சொல்லாமல் மற்ற வேலைகளோடு சேர்த்துவிடலாம் என்றும் சொன்னார். அப்படியே ஆகட்டும் என்றான் ராஜா.

நாகராயருக்குப் பொறுக்கவில்லை. "ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கு என்ன பயம், அரசே?"

"அதுவும் சரிதான். உம்முடைய ஓலையைப் படியும், கேட்போம்."

நாகராயர் கட்டைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார். எல்லோருடைய ஓலையும் இருந்தது, அவருடையது மட்டும் இல்லை. காவலன் ஒருவன் அவர் இடுப்பைக் காட்டினான். கச்சையின் மடிப்பில் ஓலையின் நுனி எட்டிப் பார்த்தது. சபை சிரித்துத் தீர்த்தது.

மந்திரிக்குப் பொன்னாடை போர்த்தி, ஓலையறைச் சாவியையும் அவரிடமே கொடுத்தான் ராஜா. காவலன் நாகராயரின் ஓலையை உருவி நீட்டினான். ராஜா அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"அவரிடமே கொடுத்துவிடு. சற்றுமுன் போட்ட உத்தரவு அவருக்கும் சேர்த்துத்தான்."