அனுபவமுள்ள பந்து

மல்லையூரை ஆண்ட உதயமல்லருக்கு இரண்டு ஆசைகள். ஒன்று, குதிரைமேல் உட்கார்ந்து கோலால் பந்தடிக்கும் செண்டாட்டம். இன்னொன்று, மேடையேறிப் பேசுவது. சென்ற ஆண்டுத் திருவிழாவில் இரண்டையும் சேர்த்தே செய்தார். "இனி நம் நாட்டுப் பந்தில்தான் ஆடுவோம். நம் தொழிலை நாமே தூக்கி நிறுத்துவோம்" என்று முழங்கினார். முழங்கிய கையோடு, கப்பலில் வந்த சீமைப் பந்தை அடித்து ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார். கூட்டம் கைதட்டியது.

அந்தப் பேச்சை நம்பிய ஒரே ஆள் வேம்பாயி. தோல் தைப்பதில் கெட்டிக்காரி. அரசர் பேச்சை நம்புவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று பாவம், அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இருந்த கறவை மாட்டை விற்றுத் தோல் வாங்கினாள். தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கொட்டகை போட்டுப் பந்து தைக்கத் தொடங்கினாள். பக்கத்து நாட்டுத் தோல் வந்த வழியெல்லாம் சாவடிக்குச் சாவடி வரி கேட்டார்கள். சீமைப் பந்துக்கு மட்டும் வரி கிடையாது. அது அரசர் விளையாடும் பொருளாம். தோலாக வந்தால் வரி, பந்தாகி வந்தால் வரவேற்பு. வேம்பாயி பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினாள்.

பந்துகளை மூட்டை கட்டி அரண்மனைக்குக் கொண்டுபோனாள். அங்கே பொருள் வாங்கும் பொறுப்பு அமைச்சர் மழவராயருடையது. அவர் தோளில் சீமைப் பந்து வியாபாரி போர்த்திய பட்டுச் சால்வை கிடந்தது. மூட்டையை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இதற்கு முன் மூன்று வருஷம் அரண்மனைக்குப் பந்து கொடுத்திருக்கிறாயா?"

"இல்லீங்க சாமி. இப்பத்தான் முதல்ல கொண்டாறேன்."

"அனுபவம் இல்லாதவரிடம் வாங்கக் கூடாது. சட்டம்."

"நீங்க வாங்கினாத்தானே சாமி அனுபவம் வரும்?"

"வரட்டும். வந்ததும் வா."

அவள் நேரே அரசவை விகடகவி வெண்காடன் வீட்டுக்குப் போய், தோல் வரி முதல் அமைச்சர் சொன்ன சட்டம் வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

"இந்தத் திருவிழாவுக்கு வாங்கலேன்னா கொட்டகையைப் பிரிச்சுட வேண்டியதுதான் ஐயா. என்னை நம்பி வந்த பொம்பளைங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

வெண்காடனுக்குக் கோபம் வந்தது. ஆனால் குரலில் காட்டிக்கொள்ளவில்லை.

"நல்ல சட்டமாகத்தான் இருக்கிறது. பந்துக்கு மட்டும் வைத்துக்கொண்டால் எப்படி? நாளை மூட்டையோடு சபைக்கு வா" என்றான்.

அப்போது மழவராயர் தம் மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருந்தார். வெண்காடன் நாலு ஊர் சுற்றுகிறவன். அதனால் மாப்பிள்ளை பார்க்கும் வேலையை அரசர் அவனிடம்தான் ஒப்படைத்திருந்தார்.

மறுநாள் சபையில் அரசர் கேட்டார். "அமைச்சர் வீட்டுக்கு மாப்பிள்ளை கிடைத்தானா?"

"கிடைத்துவிட்டார், அரசே. வாசலில் நிற்கிறார்."

உள்ளே வந்தவருக்கு ஐம்பது வயதுக்குக் குறையாது. பல் பாதிதான் இருந்தது. பின்னால் கோலூன்றியபடி மூன்று கிழவர்கள் வந்தார்கள்.

"இவர்கள் யார்?"

"மாப்பிள்ளையின் மாமனார்கள், அரசே. சாட்சி சொல்ல வந்திருக்கிறார்கள்."

முதல் கிழவர் கும்பிட்டார். "தங்கமான மாப்பிள்ளைங்க. தலைதீபாவளிக்குத் தவறாம வந்தாரு."

"எங்க வீட்டுக்கும்தான்" என்றார்கள் மற்ற இருவரும்.

மழவராயர் முகம் சிவந்தது. "மூன்று மனைவி இருப்பவனா எனக்கு மாப்பிள்ளை?"

"மூவரும் சௌக்கியமாக இருக்கிறார்கள், அமைச்சரே. போன வாரம் ஒரு பையனைப் பார்த்தேன். படித்தவன், அழகன், நல்ல குடும்பம். இதற்கு முன் எந்த வீட்டிலாவது மாப்பிள்ளையாக இருந்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றான். திருப்பி அனுப்பிவிட்டேன்."

"கல்யாணமே ஆகாதவன் எப்படி ஐயா மாப்பிள்ளையாக இருந்திருப்பான்?"

"அதைத்தான் வேம்பாயியும் நேற்று உங்களிடம் கேட்டாள்."

"யார் அந்த வேம்பாயி?" என்றார் அரசர்.

வெண்காடன் மூட்டையோடு ஓரமாக நின்றவளைக் காட்டினான். நடந்ததைச் சொன்னான். "சென்ற ஆண்டுத் தங்கள் பேச்சைக் கேட்டுத் தொழில் தொடங்கியவள், அரசே."

"அதைக் கேட்டவர்கள்கூட இருக்கிறார்களா?" என்று அரசர் நிஜமாகவே வியந்தார். பிறகு மூன்று மாமனார்களையும் ஒருமுறை பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். அனுபவச் சட்டத்தையும் தோல் வரியையும் அங்கேயே ரத்து செய்தார். திருவிழாவுக்கு வேம்பாயியின் பந்துதான் என்றார். வெண்காடனுக்கு ஒரு பொற்கிழியும் கிடைத்தது.

மழவராயருக்கு மட்டும் ஆறவில்லை. "என் மகள் வாழ்க்கையையும் ஒரு தோல் பந்தையும் சமமாக வைத்துவிட்டானே, அரசே. இரண்டும் ஒன்றா?"

"எப்படி ஒன்றாகும், அமைச்சரே?" என்றான் வெண்காடன். "பந்து சரியில்லை என்றால் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடலாம்."