செந்நாயும் நரியின் பூட்ஸும்

காட்டு விலங்குகள் வெறுங்காலுடன் ஓடுகின்றன என்று படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது வருந்தத்தக்க பிழை. குமிழங்காட்டின் எல்லைப் படையில் பூட்ஸ் இல்லாமல் எவரும் ஓடியதில்லை. 'ஒரு ஜோடி பூட்ஸ்' என்று சொல்வதும் பிழையே. ஆளுக்கு நான்கு கால். ஆகவே இரண்டு ஜோடி. எந்தத் தோலில் தைத்தவை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. காட்டில் அது மரியாதையாகாது.

வடக்கு எல்லை முழுவதும் கருவேல முள். அந்த வழியாகச் செய்தி கொண்டுபோகும் தூதர் வேலை ஒரு கோடையில் காலியானது. வேலையோடு, வற்றாத சுனையை ஒட்டிய குகையும் கிடைக்கும்.

இரண்டு பேர் வேலை கேட்டு வந்தார்கள். ஒன்று, சூறை என்ற செந்நாய். காட்டிலேயே வேகமான கால் அதனுடையது. அதை அதுவே தினமும் சொல்லும். மற்றொன்று, தும்பை என்ற நரி. போன கோடையில் தண்ணீருக்கு அலைந்தே தும்பையின் இரண்டு குட்டிகளும் துரும்பாய் இளைத்துப்போயிருந்தன.

தளபதி கரடி இருவரையும் ஆலமரத்தடிக்கு அழைத்து, முள்ளம்பன்றி தைத்த புதுப் பூட்ஸைக் கொடுத்தது. நாற்பதாம் நாள் போட்டி என்றது. ஆலமரத்திலிருந்து வடக்குப் பாறைவரை ஓட வேண்டும் என்றது. பிறகு இன்னொரு விதியும் சொன்னது. அது சூறையின் காதில் விழவில்லை. தும்பையின் பூட்ஸ் தன்னுடையதைவிடப் பளபளப்பாக இருக்கிறதா என்று அது உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் வாரம் தும்பை ஓடவே இல்லை. பூட்ஸுக்கு ஆமணக்கெண்ணெய் தடவியது. நகங்களைக் கல்லில் தேய்த்துக் குறைத்தது. குதிகாலில் இலவம்பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு, இரை தேடப் போவதும் வருவதும் பூட்ஸோடுதான். இரண்டாம் வாரம் மண்பாதையில் கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம். ஒருநாள் ஓடினால் மறுநாள் ஓய்வு. அடியை நீட்டி வைக்காமல் குறுக்கி வைத்தது. கால் எங்காவது சிவந்தால் அன்றைக்கு அதோடு சரி.

"என்ன தும்பை, கல்யாண ஊர்வலம் போகிறாயா?" என்று புதருக்குள்ளிருந்து கேட்டது சூறை.

"முதலில் காலும் பூட்ஸும் பழகட்டும், அண்ணே. ஓட்டம் எங்கே போய்விடும்?"

சூறை சிரித்தது. இருபதாம் நாள் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. மைனாக்கள் தும்பையின் நடையைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தன. சூறை வெறுங்காலுடன் மின்னலாய் ஓடிக் காட்டியது. ஒரு மைனா கொட்டாவி விட்டது. தும்பை உட்கார்ந்தாலும் அதற்கு வயிறு எரிந்தது, எழுந்தாலும் எரிந்தது. யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தது. தும்பையிடம் ஒரு திறமையும் இல்லை. எல்லாம் அந்தப் பூட்ஸில் இருக்கிறது!

சூறையின் பூட்ஸ் கிளையில் தொங்கியபடியே கிடந்தது. உள்ளே சிலந்தி குடியிருந்தது. சூறை சிலந்தியைக் காலி செய்தது. மேலே எண்ணெயும் பூசியது. முப்பத்தொன்பதாம் நாள் இரவில், தும்பை குட்டிகளை அணைத்துத் தூங்கியபோது, பூட்ஸை மாற்றி வைத்துவிட்டு வந்தது.

மறுநாள் போட்டிக்கு நின்றபோது தும்பையின் கால்களை நான்கு பக்கமும் தோல் கடித்தது. அது குனிந்து பார்த்தது. பிறகு சூறையின் கால்களைப் பார்த்தது.

"அண்ணே, அது என் காலுக்குப் பழகினது. உங்களைப் புண்ணாக்கிவிடும்."

"பொறாமைப்படாதே, தும்பை" என்றது சூறை.

கரடி கொம்பை ஊதியது. சூறை பறந்தது. தும்பை வார்களைத் தளர்த்தி, பஞ்சை இன்னும் தடிப்பாக வைத்துக் கட்டிக்கொண்டு நடந்தது. தோல் கொஞ்சம் இளகிய பிறகு சிற்றடி வைத்து ஓடியது. வலித்த இடத்தில் நின்று பஞ்சை மாற்றிக் கட்டியது. குட்டிகளின் முகம் நினைவுக்கு வந்தபோதும் அவசரப்படவில்லை.

நரியின் விரல்களுக்கு வளைந்திருந்த பூட்ஸுக்குள் சூறையின் கால்கள் பாதி வழியிலேயே கொப்புளித்துவிட்டன. ஆனாலும் பல்லைக் கடித்து ஓடி, பாறையை முதலில் தொட்டது. பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, "குகை எனக்குத்தானே?" என்றது.

பாறையில் காத்திருந்த வடக்குக் காவல் தலைவர் காட்டெருமை ஓர் இலைச்சுருளை நீட்டியது. "இதோ பதில். ஆலமரத்துக்குக் கொண்டுபோ."

"திரும்பவுமா?"

"செய்தி கொண்டுவந்தவன் பதில் கொண்டுபோக வேண்டாமா? தளபதி அன்றைக்கே சொன்னாரே!"

சூறை பூட்ஸை மறுபடி மாட்டப் பார்த்தது. வீங்கிய கால் உள்ளே நுழையவில்லை. காட்டெருமை ஒரு பூட்ஸை எடுத்து முகர்ந்தது. "நரி வாசனை அடிக்கிறதே?"

"பக்கத்தில் ஓடினேன். ஒட்டியிருக்கும்."

வெகுநேரம் கழித்துத் தும்பை வந்தது. தண்ணீர் குடித்தது, வாரைச் சரிசெய்தது, இலைச்சுருளை வாயில் கவ்விக்கொண்டு திரும்பி ஓடியது. அன்று மாலை அதன் குட்டிகள் சுனையில் வயிறு முட்டக் குடித்தன.

பொறாமைக்காரன் பிறர் பொருளைப் பறித்துவிடலாம், அதைப் பழக்கிய நாற்பது நாளைப் பறிக்க முடியாது.

மறுநாளிலிருந்து முள்ளம்பன்றி எல்லாப் பூட்ஸிலும் உரியவர் பெயரைப் பொறிக்கத் தொடங்கியது. ஆளுக்கு நான்கு முறை.